தியானம் தடைபடும்போது: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலுள்ள மாடியில் வியாழக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அரை மணி நேரம் அமர்வது பதினொரு ஆண்டுகளாக நடந்து வருகிறது. நான் குரு அல்லன். பாய் விரித்து, மணி அடித்து, முடிந்ததும் சுக்குக் காப்பி கொடுப்பவன். ஆயினும் எழுந்தவர்கள் தங்கள் குறையை முதலில் சொல்வது காப்பி ஊற்றுபவனிடம்தான் என்பதால், அதே ஏழெட்டுக் குறைகள் ஆள் மாறி ஆள் மாறித் திரும்பி வருவதைக் கவனிக்க முடிந்தது.

பம்புசெட் ஓடவில்லை என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயியிடம், மூன்று ஃபேஸும் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று கேட்ட பிறகே காயிலில் கை வைப்பது எங்கள் தொழில் வழக்கம். தியானத்தில் மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தூக்கம் வந்தாலும் கால் வலித்தாலும், "எனக்குக் கொடுப்பினை இல்லை" என்று முதல் நாளே காயிலைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான குறைகள் வயிறு, இருக்கை, நேரம், உறக்கம் ஆகிய நான்கில் ஒன்றிலேயே அகப்பட்டுவிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், மருத்துவரிடம் போக வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு உரிய அறிகுறியை மட்டும் படித்தால் போதும். இங்கே தியானம் என்று நான் சொல்வது, மூச்சிலோ விளக்கிலோ ஒரு சொல்லிலோ கவனத்தை வைத்து, அது விலகியது தெரிந்ததும் திரும்ப அழைத்து வருகிற எளிய பயிற்சியை மட்டுமே.

அறிகுறி: அமர்ந்த ஐந்து நிமிடத்தில் தூக்கம் வருகிறது

முதலில் எப்போது சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். சோறு உண்டு இரண்டு மணி நேரத்துக்குள் அமர்ந்தால் தூக்கம் வருவது இயல்பு. அதற்குப் பரிகாரம் தேட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். வயிறு காரணம் இல்லையென்றால் சுவரில் சாய்ந்திருக்கிறீர்களா, அறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கத்திரி வெயில் காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அமர்ந்தால் யாருக்கும் கண் சொருகும். கொசுவுக்குப் பயந்து சாத்துபவர்கள் வலையடித்த ஜன்னல் இருக்கும் அறைக்கு மாறிக்கொள்ளலாம்.

இவை சரியாக இருந்தும் தூக்கம் வந்தால், கண்ணை மூடாமல் பாதி திறந்து வைத்து, நான்கடி தொலைவில் ஒரு விளக்கை ஏற்றி அதைப் பார்த்திருங்கள். எங்கள் மாவட்டத்தில் இது புதிய உத்தி அன்று. வள்ளலார் 1873 கார்த்திகையில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் தம் அறைக்குள் இருந்த விளக்கை வெளியே வைத்து, அதைத் தடைபடாமல் வழிபட்டு வருமாறு அன்பர்களைப் பணித்தார். வடலூர்ப் பக்கத்துச் சன்மார்க்க அன்பர்கள் பலர் இன்றும் விளக்கின் முன்தான் அமர்கிறார்கள். விளக்கும் உதவாத நாளில் எழுந்து நடங்கள். ஸ்ரீ அரவிந்தரே புதுச்சேரியில் மணிக்கணக்கில் நடந்தபடி யோகம் செய்தவர் என்று சொன்னால், நடப்பதைக் குறைவாக நினைப்பவர்களின் தயக்கம் போய்விடுகிறது.

அடுத்த சோதனைக்கு ஒரு வாரம் ஆகும். ஏழு இரவுகள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று நாட்காட்டித் தாளில் எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், அதிகாலை நான்கரைக்கு எழுந்து அமர்வதை விட்டுவிட்டு அந்த அரை மணி நேரமும் உறங்குவதே நல்லது. உடம்புக்குத் தர வேண்டிய கடனைத் தியானத்தில் கழிக்க முடியாது.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்: ஏழெட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் அமர்ந்த இடத்திலெல்லாம் கண் சொருகுகிறது என்றாலோ, உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறீர்கள் என்று வீட்டார் சொன்னாலோ, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கான பரிசோதனை தேவை. கூடவே இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கால் மரத்துப் போகிறது, முதுகு வலிக்கிறது

கால் மரத்தால் அது பழகிவிடும் என்று சொல்பவர்களை நம்பி நான் ஒருமுறை கீழே விழுந்திருக்கிறேன். மணி அடிக்க வேண்டுமென்று மரத்த காலோடு எழுந்ததில், இடது பாதம் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கணுக்கால் மடிந்து, மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எங்கள் மாடியில் மணி அடித்த பிறகு ஒரு நிமிடம் காலை நீட்டிய பிறகுதான் எழ வேண்டும் என்பது சட்டம்.

மரப்புக்கு முதற்காரணம் இருக்கையின் உயரம். வெறும் பாயில் சம்மணமிட்டால் இடுப்பு பின்னால் சரிந்து, முதுகு வளைந்து, தொடையின் கீழ்ப்பகுதி அழுந்துகிறது. ஜமுக்காளத்தை நான்காக மடித்து, அதன் முன்விளிம்பில் பிட்டத்தை மட்டும் வைத்து அமர்ந்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தாழவில்லையென்றால் இன்னொரு மடிப்பு. நான்கு அங்குல உயரத்துக்குப் பிறகும் முழங்கால் மேலேயே நின்றால் நாற்காலிக்குப் போய்விடுங்கள். பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும், முதுகு நாற்காலியில் ஒட்டக் கூடாது. நாற்காலியில் அமர்வதைத் தோல்வியாக நினைக்கும் பெரியவர்கள் எங்களிடமும் இருந்தார்கள். எங்கள் குழுவிலேயே மூத்தவர், எழுபத்தெட்டு வயதுக்காரர், பிளாஸ்டிக் நாற்காலியில்தான் அமர்கிறார். அவரைவிட அசையாமல் இருப்பவர் எவருமில்லை.

உயரம் சரி, ஆனாலும் ஒரே கால் மட்டும் மரக்கிறது என்றால், அந்தக் குதிகால் எதிர்த்தொடையை அழுத்துகிறதா என்று பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் இரு கால்களையும் முன்னும் பின்னுமாகத் தரையிலேயே வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அமர்ந்து எழுந்ததும் பாதத்தில் கொப்புளமோ சிராய்ப்போ இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு வலி தெரியாமலே புண் ஏற்படலாம்.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்: எழுந்து ஒரு மணி நேரம் ஆகியும் மரப்பு நீங்கவில்லை என்றாலோ, முன்பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறது என்றாலோ, முதுகிலிருந்து கால் வரை மின்னல் போல் வலி இறங்குகிறது என்றாலோ எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் அடக்க முடியாத நிலையும் சேர்ந்துகொண்டால் அன்றைக்கே, அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

அறிகுறி: எண்ணங்கள் ஓயவே இல்லை

நான் அதிகம் கேட்கும் குறை இதுதான். இதில் பாதிக்குமேல் குறையே அன்று. எண்ணம் வருவது மனத்தின் வேலை. அது வந்ததை நீங்கள் கண்டுபிடித்த அந்த நொடியில் பயிற்சி நடந்துவிட்டது. எனவே முதல் சோதனை, நீங்கள் எதை எதிர்பார்த்து அமர்கிறீர்கள் என்பது. எண்ணமே இல்லாத வெட்டவெளியை எதிர்பார்த்தால், ஒவ்வோர் எண்ணமும் தோல்வியாகத் தெரியும். எதிர்பார்ப்பை ஒரு வாரம் ஒதுக்கி வைத்து, வெளிமூச்சுகளை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்று. நான்கைத் தாண்ட முடியாத நாட்கள் எனக்கு இன்றும் உண்டு. எத்தனை முறை தவறியது என்று கணக்கு வைக்க வேண்டாம்.

எதிர்பார்ப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிலைகொள்ளவில்லை என்றால் அமரும் நேரத்தைச் சந்தேகியுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் ஓர் அக்கா, "தம்பி, எனக்கு மனசே நிக்க மாட்டேங்குது, காது மட்டும் வெளியே ஓடுது" என்று பல மாதங்கள் வருந்தினார். மந்திரத்தை மாற்றினார், திசையை மாற்றினார், ஒரு மண்டலம் விரதமும் இருந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில், காலையில் எத்தனை மணிக்கு அமர்கிறீர்கள் என்று கேட்டேன். ஐந்தே முக்கால் என்றார். அவர்கள் தெருவில் ஆறு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். குழாயின் கீழே வாளியை வைத்துவிட்டு, முதல் சொட்டு விழும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கால் மணி நேரம் தியானம் செய்திருக்கிறார். தண்ணீர் பிடித்து முடித்து ஆறே முக்காலுக்கு அமருமாறு சொன்னேன். அந்த வாரமே காது உள்ளே வந்துவிட்டது என்றார்.

உங்களுக்கும் இப்படியொரு வாளி எங்காவது இருக்கக்கூடும்: அடுப்பில் வைத்த பால், பள்ளி வண்டி வரும் நேரம், ஒலி மட்டும் அடக்கிப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த கைபேசி. கைபேசியை அணைத்து அடுத்த அறையில் வைக்க வேண்டும். அமர்வதற்கு முந்தைய கால் மணி நேரம் அதைப் பார்க்கவே கூடாது, ஏனெனில் கடைசியாகப் பார்த்த காணொளிதான் கண்ணை மூடியதும் ஓடும். செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக நினைவுக்கு வருபவர்கள், பக்கத்தில் தாளும் பென்சிலும் வைத்து, அமர்வதற்கு முன்பே அவற்றை எழுதி இறக்கிவிடலாம்.

நேரமும் சரி, கைபேசியும் இல்லை, ஆனால் ஒரே எண்ணம் நாள்தோறும் வருகிறது என்றால் அது வேறு கிளை. வட்டிக் கடன், மகளின் திருமணம், வராத ஸ்கேன் முடிவு முதலியவை தியானத்தால் தீர்க்க வேண்டியவை அல்ல. உரியவரிடம் போய்ப் பேசித் தீர்க்க வேண்டியவை. அந்த எண்ணத்தை விரட்ட நினைக்காமல், எழுந்ததும் அதற்காக இன்று செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய்யுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்: இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், உறக்கமும் பசியும் கெட்டு, எண்ணங்கள் இருளாகவே வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கு எதிரான நிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும்: இரவெல்லாம் உறங்காமலே சோர்வில்லாமல் இருப்பது, எண்ணங்கள் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடுவது, தமக்குப் பெரிய ஞானம் வந்துவிட்டதென்று ஓயாமல் பேசுவது, பணத்தை இறைப்பது. சுற்றியிருப்பவர்கள் இதைத் தியானத்தின் பலன் என்று மெச்சிக்கொண்டிருப்பார்கள். அதை நம்பாமல் வீட்டார் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அறிகுறி: மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டுகிறது

கவனிக்கச் சொன்னால் பலர் மூச்சை இயக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கையை வயிற்றில் வைத்துப் பாருங்கள். வழக்கத்தைவிட ஆழமாகவோ வேகமாகவோ இழுத்தால் தெரிந்துவிடும். வேகமாக இழுத்துக்கொண்டே இருந்தால் உதட்டோரமும் விரல் நுனியும் ஊசி குத்துவது போல் விறுவிறுக்கும், தலை சுற்றும். இதைச் சக்தி ஏறுகிறது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. மூச்சை அதன் போக்கில் விட்டு, கவனத்தை உள்ளங்கைகளுக்கு மாற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் அடங்கும். சிலருக்கு மூச்சு என்றாலே ஒவ்வாது. அவர்கள் விளக்கையோ தெருவோசையையோ பற்றிக்கொள்ளலாம். அதில் குறையேதும் இல்லை.

பஸ்திரிகா, கபாலபாதி போன்ற வேக மூச்சுகளைக் காணொளி பார்த்துச் செய்துவிட்டு வருபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் மூச்சுப் பயிற்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அறிகுறி: ஒளி தெரிகிறது, ஒலி கேட்கிறது

கண்ணை மூடியதும் புள்ளிகளும் நிறங்களும் தெரிவது சாதாரணம். அமைதியான அறையில் காதுக்குள் மெல்லிய ரீங்காரம் கேட்பதும் அப்படியே. தேடிப் போகவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒரே காதில் மட்டும் ஓயாமல் ஒலித்தால் காது மருத்துவரையும், திறந்த கண்ணிலும் மின்னல் கீற்றுகள் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரையும் பாருங்கள். ஆளில்லாமல் குரல் கேட்டு, அது கட்டளையிட்டால், கடைசி அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: வீட்டில் இடமில்லை, சத்தம் தாங்கவில்லை

சத்தத்துக்குப் பழகிவிடலாம், எங்கள் மாடிக்கு ரயிலோசை கேட்காத மாலை கிடையாது. கூப்பிடும் குரலுக்குத்தான் பழக முடியாது, ஆகவே வீட்டாரிடம் இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு அமருங்கள். சின்ன வீட்டில் அதற்கும் வழியில்லாதவர்கள் விடியற்காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அரவிந்தர் ஆசிரமத்தின் சமாதி முற்றம் இருக்கிறது. பேச்சில்லாத இடம், யாரும் எதையும் கற்பிக்க வர மாட்டார்கள், ஓரமாக அமர்ந்துவிட்டு வரலாம். ஆரோவில்லில் உள்ள மாத்ரிமந்திர் தியான மண்டபத்தின் உள்ளறைக்கு முன்பதிவு தேவை என்பதால் அது அன்றாடப் பழக்கத்துக்கு ஒத்து வராது.

அறிகுறி: பத்து நாளில் விட்டுப்போகிறது

முகாமுக்குப் போய் வந்தவர்களிடம் இதை அதிகம் காண்கிறேன். கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா தியான முகாமில் அதிகாலை நான்கு மணிக்கு எழுப்புகிறார்கள், பேச்சில்லை, சமையல் இல்லை, கைபேசி இல்லை. முடிந்த பின் வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி அமரச் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் சமையலும் உண்டு, கைபேசியும் உண்டு. மூன்றாம் நாள் ஒரு வேளை தவறும், குற்றவுணர்வு வரும், அந்த உணர்வுக்குப் பயந்தே பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

அளவைக் குறைப்பதுதான் முதல் மருந்து. பத்து நிமிடம் போதும். அதுவும் முடியாவிட்டால் ஐந்து. நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள்: பல் துலக்கியதும், விளக்கேற்றியதும், கடைக் கதவைப் பாதி தூக்கியதும். அது பலிக்கவில்லையென்றால் வாரம் ஒருமுறை யாருடனாவது சேர்ந்து அமருங்கள். நாம் வராவிட்டால் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பது பெரிய பிடிமானம். பலன் தெரியவில்லை என்பதால் விடுபவர்கள் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியே எட்டு வார அளவு கொண்டது. இங்கே பலர் எட்டாம் நாளே கணக்குக் கேட்கிறார்கள். இந்த அறிகுறிக்கு மருத்துவர் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு அடுத்த நிலைக்குத் தீட்சை தருகிறேன் என்பவரும் தேவையில்லை.

அறிகுறி: பாயில் அமைதி, எழுந்ததும் எரிச்சல்

இந்தக் குறை என்னுடையது. "இருபது நிமிஷம் கண்ண மூடிட்டு வந்து ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

முதல் காரணம், எழும் விதம். மணி அடித்ததும் எழுந்து, கைபேசியை எடுத்து, தவறிய அழைப்புகளைப் பார்த்தால், அடங்கியிருந்தது அத்தனையும் ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும். மணிக்கும் முதல் பேச்சுக்கும் இடையே ஐந்து நிமிடம் விட்டு, அந்த நேரத்தில் பாயைச் சுருட்டுவது, தண்ணீர் குடிப்பது போன்ற கைவேலையை மட்டும் செய்து பாருங்கள்.

அது போதவில்லையென்றால், பயிற்சி பாயை விட்டு வெளியே வரவே இல்லை என்று பொருள். பகலில் தானாகவே காத்திருக்க நேரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கவனத்தை மூச்சுக்குக் கொண்டு வாருங்கள். பல இடங்களைத் தேர்ந்தெடுத்தால் எதுவும் நிலைக்காது. எனக்கு அது மெக்கர். ரீவைண்டிங் முடிந்த மோட்டாரின் இன்சுலேஷனைச் சோதிக்க, மெக்கரின் கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டு ஒரு நிமிடம் முள்ளைப் பார்த்திருக்க வேண்டும். முன்பெல்லாம் அந்த நிமிடத்தில் பையனைத் திட்டுவேன். இப்போது கைப்பிடி சுற்றும் தோளையும், உள்ளே வரும் மூச்சையும், முள் ஏறி நிற்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளில் ஐந்தாறு மோட்டார் வந்தால் ஐந்தாறு முறை. எங்கள் குழுவில் ஒருவர் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போகிறவர். அவர் எடுத்துக்கொண்டது மரப்பாலம் சந்திப்பு. பேருந்து அங்கே நின்றதும் கைபேசியைப் பைக்குள் வைத்து, வண்டி மீண்டும் நகரும்வரை மூச்சை எண்ணுகிறார். அங்கே நெரிசலுக்குப் பஞ்சமில்லை என்பதால் அவருக்குப் பயிற்சிக்கும் பஞ்சமில்லை.

இத்தனைக்குப் பின்னும் எரிச்சல் குறையவில்லையென்றால் சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வீட்டில் பேச வேண்டிய ஒன்றைப் பேசாமல் தப்பிக்கத்தான் மாடிக்குப் போகிறேனா? நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். கோபத்தில் கை ஓங்கும் அளவுக்குப் போனாலோ, குடியும் சேர்ந்திருந்தாலோ, தியானத்தை நம்பிக் காத்திராமல் மனநல ஆலோசகரிடம் போங்கள்.

அறிகுறி: காரணமில்லாத பயம், நிற்காத அழுகை, உடம்பே தன்னுடையது அல்லாதது போன்ற உணர்வு

இந்த அறிகுறிக்கு மட்டும் வரிசை தலைகீழ்: முதலில் நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடுங்கள். என்றைக்கோ ஒருநாள் அமர்ந்திருக்கும்போது கண்ணீர் வந்து தானே அடங்கினால் கவலையில்லை. நாள்தோறும் வந்தாலோ, எழுந்த பிறகும் தொடர்ந்தாலோ, பழைய கொடுமையொன்று கண்முன் நடப்பது போல் திரும்பி வந்தாலோ கண்ணை மூடி அமர்வதையே விட்டுவிடுங்கள். கண்ணைத் திறந்து, வெறுங்காலால் தரையை மிதித்து நடந்து, வேளைக்கு உண்டு, யாருடனாவது பேசிக்கொண்டிருங்கள். இன்னும் ஆழமாகப் போனால் தாண்டிவிடலாம் என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒருவர், வேறோர் ஊரில் நடந்த முகாமில் சொன்னார்கள் என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். நாற்பது நாள் கழித்து மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்தவரை நாங்கள்தான் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநலம் ஆகிய எதற்கான மாத்திரையையும் எழுதிக்கொடுத்த மருத்துவரைத் தவிர வேறு யார் சொல்லியும் குறைக்கக் கூடாது.

புதுச்சேரி ஜிப்மரிலும் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அன்றே அழையுங்கள், அந்த இரவு தனியாக இருக்காதீர்கள்.

போகும்போது அரைத்தாளில் நான்கு விவரங்களை எழுதிச் செல்லுங்கள்: எந்தப் பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், குறை எப்போது தொடங்கியது, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள். தியானம் செய்வதைச் சொன்னால் மருத்துவர் திட்டுவார் என்று பயந்து அதை மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைக்காமல், அதையே முதல் வரியாக எழுதுங்கள்.